பெட்டியில் போட்ட விலையும் செல்வத்தின் கிட்டாரும்

1. புகார் வந்த நாள்

எடை, அளவு, பெட்டி விலை எல்லாம் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர் எங்கள் கடைக்குள் வந்தபோது நான் ஒரு கீபோர்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பின்னால் முருகேசன் நின்றார். அவர் தம்பி செல்வத்துக்கு நாங்கள் விற்ற கிட்டார், அதன் அட்டைப்பெட்டி, பில் எல்லாம் முருகேசன் கையில் இருந்தன.

ஆய்வாளர் பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினார். எம்.ஆர்.பி. 2,950. பில்லில் 3,700.

"எதுக்கு ஜாஸ்தி வாங்குனீங்க?"

முதலாளி நாகராஜண்ணன் என்னைக் கை காட்டினார். "வேலை சார். இந்தப் பொண்ணு உக்காந்து செஞ்சுது. கேட்டுப் பாருங்க."

"வேலைன்னு பில்லுல எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதவில்லை. 'கிட்டார் ஒன்று' என்றுதான் இருந்தது.

"தம்பிக்கு மெசின்ல விரல் போச்சு. அவன்கிட்டப் போயி கொள்ளை அடிக்கணுமாக்கும்?" என்றார் முருகேசன். கோவில்பட்டிக்காரர். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

2. ஒரே விலை

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்துவிட்டு, இந்த இசைக்கருவிக் கடைக்கு சர்வீஸ் வேலைக்கு வந்தேன். எங்கள் சரக்கு இரண்டு வகை.

அ. பெட்டி இல்லாமல் வருவது: தபேலா, மிருதங்கம், உறுமி. இவற்றில் விலை அச்சடித்திருக்காது. பேசி முடிப்பதுதான் விலை.

ஆ. பெட்டியில் வருவது: கிட்டார், கீபோர்டு. ஸ்டிக்கர் ஒட்டித்தான் வரும். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பஸ் ஸ்டாண்டில் தண்ணி பாட்டிலுக்கு அதிகம் வாங்கும் ஆளைப் பிடிக்கிற அதே சட்டம். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் உழைப்பு அதிகம் போவது இரண்டாம் வகைக்குத்தான். பெட்டியிலிருந்து எடுத்த கிட்டார் அப்படியே வாசிக்க வராது. கம்பியின் உயரம் சரியாக இருக்காது. கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனை விரலைக் கிழிக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகச் சரி செய்வேன். அந்தக் கூலியைத் தனியாகச் சொல்வது கடையில் வழக்கமில்லை. "கூலின்னு சொன்னா ஸ்க்ரூ திருகறதுக்கா இவ்ளோன்னு கேப்பாங்கம்மா. பொருளோட சேத்து ஒரே விலை சொல்லிடணும்" என்பார் அண்ணன். சாதாரண கிட்டாரில் லாபத்தைக் குறைத்து ஸ்டிக்கர் விலைக்குள் அடக்கிவிடுவோம். செல்வத்தின் கிட்டார் அப்படி அடங்கவில்லை.

3. வலது கை

செல்வம் சூளகிரிப் பக்கம் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். பிரஸ்ஸில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கம்பியை அழுத்துகிற கை அது.

"மாத்திப் போட்டுப் பழகிக்கிறேங்க்கா. வலது கையில அழுத்துறேன், இடது கையில கட்டைவிரல் இருக்குல்ல, அதுல பிக் மாட்டித் தட்டிக்கிறேன்" என்றான். ஆடித் திருவிழாக் கச்சேரி வரைக்கும் அவன் இடத்தை விட்டுவைப்பதாக ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது. கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் நட்டைப் புதிதாகச் செய்தேன். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் பழைய காடிப் பள்ளத்தை அடைத்து, எதிர்ச் சாய்வில் வேறு காடி வெட்டினேன். வாங்கிப் போனவன் அடுத்த வாரமே வந்து, கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் 'கார்டு' இரண்டு வாசித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. "புள்ளையார் சுழி போட்டாச்சு" என்று சிரித்தான்.

முருகேசன் அந்தக் காலிப் பெட்டியில் பாத்திரம் அடுக்கப் போனபோதுதான் ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறார்.

4. சீல்

கிட்டார் வழக்குச் சொத்தாகிவிட்டது. பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, அரக்கு வைத்து கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போனார்கள். நான் பஸ் ஏறி ஆய்வாளரின் ஆபீசுக்குப் போனேன். மேற்கு ஜன்னலுக்குக் கீழே, வெயில் விழுகிற இடத்தில் அது நின்றது.

"கம்பியை மட்டும் லூஸ் பண்ணிட்டுப் போறேன் சார். இறுக்கத்தோட இந்தச் சூட்டில நின்னா பிரிட்ஜ் பேந்துடும்."

"சீல் வச்சாச்சும்மா. நானே தொடக்கூடாது" என்றார் ஆய்வாளர். ஆனால் எழுந்து போய்ப் பெட்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்தார். "உங்க ஓனர் ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா கேஸ் முடிஞ்சிடும். அன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம். கோர்ட்டுக்குப் போனா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அண்ணனிடம் சொன்னேன்.

"கட்டினா திருடன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். அந்த வேலைக்கு பெங்களூர்ல இதைவிட டபுள் வாங்கியிருப்பான். நான் எதைத் திருடினேன்?"

"நீங்க திருடலைண்ணா. ஆனா செல்வத்துக்கு ஆடி வந்துடும்."

"அவனோட அண்ணனுக்கு அந்த யோசனை இருந்திருக்கணும்."

செல்வம் அவனே ஒருமுறை வந்தான். புகாரை வாபஸ் வாங்க முடியுமா என்று விசாரித்திருக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேறு கிட்டார் தருகிறேன் என்றார். அதிலும் அதே வேலை செய்யவேண்டும், அதற்கும் பில் போடவேண்டும். கேஸ் நடக்கும்போது வேண்டாம் என்று எங்கள் வக்கீல் தடுத்தார்.

5. ஆடி

ஆடி பிறந்த பிறகு அண்ணன் அபராதம் கட்டினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்க் கட்டிவிட்டு வந்தார். அன்றே கிட்டார் கைக்கு வந்தது. ஆனால் அதற்குள் திருவிழா முடிந்திருந்தது. பிரிட்ஜ் தூக்கியிருந்தது. ஒட்டி, கிளாம்ப் போட்டு, சரியாக்கிச் செல்வத்தின் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

முருகேசனும் செல்வமும் ஒரே அறையில்தான் குடியிருந்தார்கள். செல்வம் வாங்கி மடியில் வைத்து, வலது கையால் ஒரு கார்டு பிடித்தான். இரண்டு கம்பி ஊமையாக ஒலித்தது. மறுபடி பிடிக்கவில்லை.

"அவங்க வேற பையனைச் சேத்துட்டாங்கக்கா. நல்லா வாசிக்கிறான். நான் ஞாயித்துக்கிழமை ஓ.டி. எழுதிக் கொடுத்துட்டேன்."

முருகேசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றார்.

"தெரியும்ணே. விடு" என்றான் செல்வம்.

6. தனிக் கூலி

இப்படிக் கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி விலைக்கு மேல் பொருளை விற்காதே என்றுதான் சட்டம் சொன்னது. உழைப்புக்குக் கூலி வாங்காதே என்று சொல்லவில்லை. பொருளுக்கு ஒரு பில், வேலைக்கு ஒரு பில், என்ன வேலை என்று கீழே ஒரு வரி. எங்களைக் காப்பாற்ற இவ்வளவு போதும் என்று அந்த ஆய்வாளரே சொன்னார். கூலியைச் சொல்லக் கூச்சப்பட்டு அதைப் பொருளுக்குள் ஒளித்துவைத்தோம். ஒளித்து வைத்தது களவாகத்தான் தெரிந்தது.

முதல் தனிக் கூலி பில்லை வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போட்டோம். அண்ணன் தயங்கித் தயங்கித்தான் நீட்டினார். வாத்தியார் படித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டு, பணத்தை வைத்துவிட்டுப் போனார்.

"செல்வத்துக்கும் இப்படியே எழுதியிருக்கலாம்மா" என்ற அண்ணன், பேனாவை மூடி வைத்துவிட்டுக் குடோனுக்குள் போனார். அதன் பிறகு வந்த இரண்டு கஸ்டமர்களையும் நான்தான் பார்த்து அனுப்பினேன்.