முதலில் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் மாடி அறுவை சிகிச்சை வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கு மேட்ரன் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவார். லிஃப்டை நம்பாதீர்கள், சந்தேகம் வந்தால் அக்காவைக் கேளுங்கள்.

அக்கா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வார்டு உதவியாளர். நோயாளிகளுக்கு ஆயாம்மா. பெட்பான் எடுப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் சாப்பாட்டுத் தட்டு கொடுப்பதும் அவள் வேலை என்று நியமன உத்தரவு சொன்னது. உத்தரவைப் போட்டவர்கள் வார்டுக்கு வந்து பார்த்ததில்லை. எந்த நோயாளிக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், எந்தக் காயம் நாளைக்குச் சீழ் வைக்கும், எந்த டாக்டரிடம் எதை எப்போது சொன்னால் எரிந்து விழ மாட்டார் என்பதெல்லாம் பதினோரு வருடத்தில் அவளுக்கு அத்துப்படி. புது நர்ஸுகள் ஆறு மாதம் அவள் பின்னாலேயே சுற்றி வேலை கற்றுக்கொண்டு, ஏழாவது மாதம் அவளுக்கு மேலதிகாரி ஆவார்கள்.

அவளும் நர்சிங் படித்தவள்தான். வேறொரு ஊரில் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, கல்யாணமாகி இங்கே வந்தாள். இங்கே இருந்த நர்சிங் கவுன்சில் அவளுடைய சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல சான்றிதழ்தான், ஆனால் எங்கள் உரிமத் தேர்வை எழுதித் தேறினால்தான் நர்ஸ் என்று சொல்லிவிட்டது. தேறும்வரைக்கும் இருக்கட்டும் என்று சேர்ந்த வேலைதான் இந்த உதவியாளர் வேலை.

முதல் தடவை தேர்வுக்கு முந்தின வாரம் மகளுக்கு அம்மை போட்டது. தோற்றாள். இரண்டாவது தடவை மாமியார் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். தோற்றாள். மூன்றாவது தடவை வீட்டில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்து தொலைத்ததால் தோற்றதற்குக் காரணம் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நான்காவது தடவைக்கு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தாள். எந்தக் கேள்வியானாலும் நாலு விடைகளில் நீளமானதுதான் சரியான விடை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. நீளமானதாகப் பார்த்துக் குறித்துவிட்டு வந்தாள். அதிலும் தோற்றாள்.

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஒருவருக்கு ஐந்து வாய்ப்புகள்தான், ஐந்தாவதிலும் தவறினால் மறுபடி இரண்டு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு வர வேண்டும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஓட்டுநர் உரிமத்தை ஒரே தடவையில் வாங்கியவர். அந்தப் பெருமையை இருபது வருடமாகக் கழுவித் துடைத்துப் புழங்கிக்கொண்டிருந்தார். "பதறக் கூடாதும்மா. கண்ணாடியப் பாத்துக்கிட்டே நிதானமா போகணும். நான் எட்டுப் போட்டப்ப கால் நடுங்குச்சு, ஆனா காட்டிக்கலையே" என்பார். மனித உடம்பில் உப்புச்சத்து குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதில் எங்கே விடை இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை.

நாத்தனாருக்கோ தேர்வு முடிவு வரும் தேதி அவளைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குப் பார்த்து போன் வரும்.

"அண்ணி, சும்மாதான் போன் பண்ணேன். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. ஃபெயில்."

"ஐயோ, அதக் கேக்கவே இல்லையே நான்!"

ஐந்தாவது தடவைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேஜையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, பன்னிரண்டாவது படிக்கும் மகள் பழைய கேள்விப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்ச நோயாளிக்கு திடீர்னு மூச்சு வாங்குது. முதலில் என்ன செய்வீர்கள்? ஒன்னு, டாக்டரைக் கூப்பிடுவேன். ரெண்டு, கட்டிலோட தலைப்பக்கத்த உயர்த்துவேன். மூணு, உறவினருக்குத் தகவல் சொல்வேன். நாலு, நோயாளியோட பயத்தப் போக்குவேன்."

"ஒன்னு."

"தப்பு. ரெண்டு."

"அதெப்படித் தப்பு?" கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "டாக்டர கூப்பிட்டா அவர் வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகும். மொதல்ல போன அடிச்சுட்டாத்தான், நான் கட்டில உயர்த்தி, ஆக்சிஜன் வெச்சு, நாடி பாத்து முடிக்கறதுக்குள்ள அவரு வருவாரு. கட்டில உயர்த்திட்டு அப்புறம் கூப்பிட்டா நோயாளி போய்ச் சேந்துடுவான்."

மகள் அடுத்த கேள்விக்குப் போனாள். "கீழ்க்கண்டவற்றில் எந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம்? புதுக் காயத்த மதிப்பிடறது, இன்சுலின் போடக் கத்துக்கொடுக்கறது, நல்லா இருக்கற நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டறது, டாக்டர் சொன்ன மருந்தச் சரிபாக்கறது."

அக்கா யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யோசித்தாள். "நாலும்."

"அம்மா!"

"நேத்து நாலையும் நான்தானேடி செஞ்சேன்."

மகள் புத்தகத்தை மூடினாள். அப்பாவின் பொறுமையும் அத்தையின் வாயும் ஒருசேரக் கிடைத்த பெண். "அம்மா, உங்களுக்குப் படிப்பு வராம இல்ல. நீங்க உங்க ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதறீங்க. அவங்க கேக்கறது புத்தகத்துல இருக்கற ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் கூப்பிட்டவுடனே வந்துடுவாரு. லிஃப்ட் ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் இருப்பாங்க. உங்களுக்கு அங்க வேலை கிடைச்சுருக்குன்னு நெனச்சுப் படிங்க."

பதினோரு வருடத்தில் ஒரு மாஸ்டரும் சொல்லாத விஷயம். அந்த வாரம் முழுக்க அக்கா புத்தகத்தைப் புதுக் கண்ணோடு படித்தாள். அந்த ஆஸ்பத்திரி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே யாரும் யாரிடமும் கத்தவில்லை. கையுறை எல்லா அளவிலும் இருந்தது. படித்ததை ஒரு நாள் செய்து பார்த்துவிட்டால் மனதில் நின்றுவிடும் என்று தோன்ற, வரும் செவ்வாய்க்கிழமை முழுவதும் புத்தகப்படி வேலை செய்வது என்று முடிவெடுத்தாள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு முதல் படுக்கையில் தொடங்கினாள். கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினாள். திரையை இழுத்துவிட்டாள். தான் யார், என்ன செய்யப்போகிறாள் என்று நோயாளியிடம் சொன்னாள். பத்து வருடத்துக்கு முந்தைய திரை. பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி கை கழுவிவிட்டு இரண்டாம் படுக்கைக்குப் போனாள்.

ஏழாம் படுக்கையில் குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒரு தையற்காரர் இருந்தார். அவரிடம், "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு? அதப் பத்தி உங்க மனசுல என்ன ஓடுது?" என்று புத்தகத்தில் இருந்தபடியே கேட்டாள்.

தையற்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். வயிற்று வலியில் தொடங்கி, மறுபடி மெஷின் மிதித்தால் தையல் பிரியுமா என்ற பயம், கடையைப் பார்த்துக்கொள்ளும் மருமகன், அவன் வெட்டிக் கெடுத்த ஒரு கல்யாணக் கோட்டு என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒன்பது நாளா இங்க கெடக்கேன் ஆயாம்மா. மோஷன் போச்சான்னுதான் எல்லாரும் கேட்டாங்க" என்றார்.

அக்கா அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டாள். அதற்குள் வார்டுக்கு மூச்சு அடைத்திருந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் வண்டியிலேயே ஆறிப்போயிருந்தன. எட்டு படுக்கைக்கு விரிப்பு மாற்றவில்லை. அவளிடம் வேலை பழகிய சின்ன சிஸ்டர் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாரு. நாலாம் படுக்கை டிரெஸ்ஸிங்கக் கொஞ்சம் முடிச்சுடுங்களேன்."

"அது உரிமம் உள்ள நர்ஸ் செய்யற வேலை சிஸ்டர். பக்கம் இருநூத்திப் பன்னிரண்டு."

சின்ன சிஸ்டர், தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று நின்று பார்த்தாள். பெரிய டாக்டர் வந்தார், பழைய கட்டைப் பார்த்தார், கத்தினார். பன்னிரண்டு மணிக்கு மேட்ரன் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். இன்னிக்கு எல்லாத்தையும் விதிப்படி செஞ்சேன்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "விதிப்படி செய்யற ஆளுங்க எனக்கு ஏற்கனவே நாலு பேர் இருக்காங்க. நீங்களும் ஆரம்பிச்சுட்டா வார்ட யார் நடத்தறது?"

அன்றிலிருந்து அக்கா இரண்டு ஆஸ்பத்திரியையும் கலக்காமல் பார்த்துக்கொண்டாள். ஏழிலிருந்து மூன்றுவரை இந்த ஆஸ்பத்திரி. வீடு திரும்பும் பஸ்ஸில் ஐம்பது நிமிடம் அந்த ஆஸ்பத்திரி. அங்கே அவளுடைய காலணி தேயவில்லை. இவள் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, 'இதெல்லாம் எங்கம்மா நடக்கும்' என்பதுபோலச் சிரித்துக்கொள்வதைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர்கள் அது ஏதோ நாவல் என்று நினைத்திருக்கலாம். ஏழாம் படுக்கைக்காரரிடம் மட்டும், அவர் வீட்டுக்குப் போகும்வரை, தினமும் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடவில்லை.

தேர்வு நாளன்று வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக் கூடத்தின் வாசலில் அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வரிசையாகக் கணினிகள். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அவள் ஒரு நொடி கண்ணை மூடி, லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்குள் போய் நின்றாள். உதவியாளரிடம் ஒப்படைக்கக்கூடிய வேலை எது என்று ஒரு கேள்வி வந்தது. சாப்பாடு ஊட்டுவதை மட்டும் குறித்தாள். பதினோரு வருடம் செய்த மற்ற வேலைகளையெல்லாம் செய்யவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. தேறியிருந்தாள். மகள் குதித்ததில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். நாத்தனாரின் போனும் சரியாக வந்தது.

"பாஸ்" என்றாள் அக்கா, அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்குள்.

"இந்தத் தடவ கேள்வியெல்லாம் சுலபமாமே அண்ணி?"

மருத்துவமனையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. நிர்வாகத்தின் இடைவிடாத ஊக்கமே இந்த வெற்றிக்குக் காரணம் என்று நிர்வாக அதிகாரி பேசினார். முந்தைய நான்கு தேர்வுகளில் மூன்றுக்குப் படிக்க லீவு கேட்டபோது மறுத்துக் கையெழுத்திட்டவரும் அவர்தான். அக்காவே கை தட்டினாள்.

அடுத்த திங்களன்று அதே வார்டில் நர்ஸாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, அவள் விட்டுவந்த உதவியாளர் இடத்துக்கு ஆள் போடவில்லை. கேட்டதற்குப் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். ஆகவே நர்ஸ் என்ற முறையில், நாலாம் படுக்கைக்குப் பெட்பான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்வாள். பிறகு போய் அதை வைப்பாள்.

ஆனால் நர்ஸ் ஆனதில் ஒரு வேலை புதிதாகச் சேர்ந்திருந்தது. மேட்ரன் அவளையே காலைப் பொறுப்பு நர்ஸ் ஆக்கியிருந்தார்; தினமும் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நோயாளிகள் எத்தனை, நர்ஸ்கள் எத்தனை, உதவியாளர் எத்தனை. முதல் நாள் உதவியாளர் கட்டத்தில் அக்கா பூஜ்யம் போட்டாள். இரண்டாம் நாளும் பூஜ்யம். நான்காம் நாள் மேட்ரன் படிவத்தோடு வந்தார்.

"வழக்கமா இங்க ஒன்னுன்னுதானே போடுவோம்?"

"யாரு மேடம் அந்த ஒன்னு?"

மேட்ரன் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். திருத்தவும் இல்லை. உதவியாளர் இல்லாததால் அவரும் முழங்கால் வலியோடு வார்டில் ஓட வேண்டியிருந்தது.

பத்தொன்பது நாள் பத்தொன்பது பூஜ்யம். இருபதாம் நாள், வார்டுகளில் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கக் கவுன்சிலிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அலுவலகத்தில் கோப்புகளைத் தூசி தட்டினார்கள். பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினோரு வருடமாக யார் கேட்டும் அசையாத நிர்வாக அதிகாரி அன்று மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் ஓடவில்லை.

"சிஸ்டர்," என்றார் மூச்சு வாங்க. அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உதவியாளர் ரெண்டு பேர் நாளைக்கே வர்றாங்க."

"உக்காருங்க சார்" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நாடியையும் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது. பயப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் படிவத்தில் இரண்டு என்று எழுதினாள். அவசரத்தில் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. திருத்தாமல் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு, புதிதாக வந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வார்டைச் சுற்றிக் காட்டப் போனாள்.