ஐம்பதாம் வருஷத்துச் சங்கு

என் அக்கா புருஷனுக்கு ஆலையில் ஒரே வேலை, ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதுவது. முப்பத்தொரு வருஷமாக ஒரு நொடி பிசகியதில்லை. எல்லோருக்கும் அவர் "சங்கு மாமா". "யாருக்கு மாமா இன்னிக்குச் சங்கு?" என்று வம்பிழுத்தால், "உனக்குத்தான்டா, வா" என்பார்.

அந்த ஆலை நிற்பதே அவர் அப்பாவின் நிலத்தில்தான். மழை பொய்த்த ஒரு வருஷம் அடிமாட்டு விலைக்குக் கைமாறிப் போனது. பழைய வீட்டில் மிஞ்சியது சங்குக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறை. மாமா பிறந்ததும் அதில்தான், அக்காவோடு குடித்தனம் நடத்தியதும் அதில்தான். அதுவும் ஆலைக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி பண்ண வேண்டும். ஓய்வுக்கு மூன்றே மாதம் இருந்தது.

அப்போதுதான் ஆலைக்கு ஐம்பது வயசாகி, வாசலில் "யூபிலி விழா" என்று பேனர் கட்டினார்கள். மாமா சபை உபதேசியாரிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார்.

"அது யோபேல்ங்கிற எபிரேய வார்த்தைல இருந்து வந்தது. யோபேல்னா ஆட்டுக்கடா கொம்பு. பைபிள் காலத்துல ஐம்பதாம் வருஷம் அந்தக் கொம்பை ஊதுவாங்க. ஊதினா, கஷ்டத்துல வித்த நிலம் வித்தவன் குடும்பத்துக்கே திரும்பிடணும்."

மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நிலமெல்லாம் எதுக்கு? இந்த ரூமை மட்டும் விட்டாப் போதும்" என்றார் அக்காவிடம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "போய் அவமானப்படாதீங்க மாமா." கேட்டால்தானே! சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்று, உபதேசியார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

மேனேஜர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். "அது அந்தக் காலத்துச் சட்டம்யா. பேனருக்கு நல்லா இருக்கேன்னு நாங்க போட்டோம்." பிறகு, "விழாவுல மூணு நிமிஷம் ஊதணும், மறந்துடாதே" என்றாராம்.

விழா அன்று நான் கொட்டகைக்கே போய்க் கத்தினேன். "ஊதாதீங்க மாமா! கொஞ்சமாவது ரோஷம் வேணாமா?"

அவர் சங்கு ஊத இழுக்கிற சங்கிலியைப் பிடித்தபடி, "ஊதினாத்தானேடா திரும்பும்?" என்றார்.

மூன்று நிமிஷம் ஊதினார். கூட்டம் கைதட்டியது.

மூன்று மாதம் கழித்து அறையைக் காலி பண்ணினோம். நாங்கள் சாமான் ஏற்றும்போதே இடிக்கிற ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமாம்.

"அந்தக் காலத்துல கொம்பு ஊதினவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு உபதேசியாரைக் கேக்க மறந்துட்டேன்டா" என்றார் மாமா.

நான் அவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.