இடிக்கப்பட்ட வீட்டில் ரங்கம்மா

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மௌன அஞ்சலி முடியும்வரை ரங்கம்மா அடுப்பில் குக்கர் வைப்பதில்லை. நடுவில் விசில் அடித்துவிட்டால் வந்தவர்களுக்குச் சங்கடம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருப்பார். வெளியே தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, ஊரின் பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம், அவர் வீட்டின் முன்னால் நின்று, அவர் வீட்டுக்காகவே தலைகுனிந்திருக்கும்.

எல்லாம் அந்த நீலப் பலகையால் வந்தது. 'அரண்மனைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவரின் இல்லம் இங்கே இருந்தது. 1974இல் இடிக்கப்பட்டது' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. இடித்தது உண்மைதான். ஆனால் அது அடுத்த தெருவில், இப்போது பேக்கரி இருக்கிற இடத்தில். பேக்கரிக்காரர் வாசல் பூராவும் கான்கிரீட் போட்டிருந்தார். பலகைக்குக் கம்பம் நட வந்த ஆட்கள் கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள், தீப்பொறிதான் வந்தது. மண் இளக்கமாக எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்து, ரங்கம்மாவின் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். ரங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தப்பான இணைப்பு என்பது அவரைப் பொறுத்தவரை பாவம். கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பெண் யாரென்று படிப்பார். கோயிலில் பட்டர் கோத்திரத்தை மாற்றிச் சொன்னால், "ஸ்வாமி, ராங் நம்பர்" என்று அர்ச்சனையையே நிறுத்துவார்.

கூட்டத்தை அழைத்து வரும் ஸுஷ்மாவிடம் முதல் வாரமே சொல்லிவிட்டார். "இதோ பாரும்மா, இடிச்ச வீடு இது இல்லே. இது நிக்கறது."

"சாரி ஆன்ட்டி, போர்டுல அப்டித்தானே இருக்கு" என்றாள் அவள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இந்த பில்டிங் இல்லேன்னு ஸ்வல்ப நினைச்சுக்கோங்க" என்றாள். எல்லோரும் கண்ணை மூடி அப்படியே நினைத்துக்கொண்டார்கள்.

ரங்கம்மாவின் கணவர் ஆழ்வாருக்கு இதில் ஏக திருப்தி. நன்கொடை கேட்டு யாராவது மணி அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். "இல்லாத ஆத்துல யாரு கதவைத் திறக்கறது?"

மழைக்காலம் வந்து ஓடு ஒழுகத் தொடங்கியதும் விளையாட்டு வினையாயிற்று. பழமை மாறாமல் காக்க வேண்டிய பேட்டை என்பதால் ஓடு மாற்றக்கூட அனுமதி வேண்டும். வார்டு அலுவலகத்தில் முனிராஜ் என்கிற அதிகாரி தன் போனில் பலகையின் படத்தைக் காட்டினார்.

"இடிச்சாச்சுன்னு போட்டிருக்குதேம்மா. இடிச்ச வூட்டுக்கு ஓடு மாத்த எப்பிடி பர்மிஷன் குடுக்கறது?"

"அப்போ நான் எங்கேர்ந்து வரேன்?"

"அது நம்ம செக்‌ஷன் இல்லம்மா." கொஞ்சம் இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தி அவரே ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. வூட்டை இடிச்சுடுங்க. ரெக்கார்டு சரியாப் பூடும்."

ரங்கம்மா வீட்டுக்கு வந்து கூடத்தில் அண்டாவை வைத்தார். ஒழுகும் இடம் மாறியது, அண்டாவும் மாறியது. வருகிற ஞாயிறு கூட்டத்தையே பேக்கரிக்கு இழுத்துப் போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஞாயிறுதான் கௌரம்மா வந்தார். கடிகாரக்காரரின் பேத்தி. சின்னக் குழந்தையாக ஷிவமொக்காவுக்குப் போனவர், தாத்தாவுக்குப் பலகை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்த வயதில் பஸ் ஏறி வந்திருந்தார். எல்லோரும் தலைகுனிந்தபோது அவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம மனே!" என்று கூவினார். "இடிச்சிட்டாங்கன்னு அப்பா சொன்னது பொய்!"

அடுத்த நிமிஷம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்தார். ஆழ்வார் நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டார். இல்லாத கிணற்றை ஏன் மூடினீர்கள் என்று கன்னடத்தில் அதட்டினார் கௌரம்மா. சமையலறைக்கு இந்தப் பச்சை வர்ணத்தை எவன் அடித்தான் என்று கேட்டார். ரங்கம்மா ஒவ்வோர் அறையிலும், "அம்மா, உங்க வீடு..." என்று ஆரம்பித்தார். ஒவ்வோர் அறையிலும் கௌரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இடிக்காம வச்சிருந்தியே, தாயி" என்றார்.

நடு அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கௌரம்மா குனிந்து விரல் வைத்தார். "தாத்தா எங்களை நிக்க வச்சுக் கோடு போடுவார். இது நான். இது தம்பி."

கோடுகளுக்கு மேலே, ஆழ்வாரின் குண்டு குண்டான கன்னட எழுத்தில், மகன் பெயர் 'ப்ரத்யும்ன' என்று இருந்தது.

ரங்கம்மா நிலையில் சாய்ந்தார், களைத்துப்போனவர் மாதிரி. கௌரம்மா கடைசிக் கோட்டையும் தடவிப் பார்த்து முடிக்கும்வரை அவர் தோள் அந்தப் பெயரை விட்டு நகரவில்லை.