இருக்கிறாயா என்று கேட்டவள்

நஞ்சம்மாவைத் திம்மப்பனுக்குக் கட்டிக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்தது ஒரு சாமந்திப் பூ.

குருபரப்பள்ளிக்கு உள்ளே, நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில்தான் திம்மப்பனின் ஊர். அங்கே ஒரு பட்டாளம்மன் கோயில் உண்டு. கல்யாணம், கிணறு, மாடு, எதுவானாலும் அங்கே பூ கேட்ட பிறகுதான். பூசாரி அம்மன் சிலையின் இரண்டு தோள்களிலும் ஈரப் பூவை ஒட்டிவைப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டும். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்கிறாள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா அவளை அங்கே அழைத்துவந்தபோது நஞ்சம்மா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று தோழிகளோடு பெயர் கொடுத்திருந்தாள். வலப்பக்கப் பூ விழுந்தது. கம்பெனி போயிற்று. ஆனால் அவள் அழவில்லை. சொல்லப்போனால் சந்தோஷப்பட்டாள். இவ்வளவு பெரிய அம்மன் என்னைப் பார்த்து, எனக்காக யோசித்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளை அப்புறம் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. அவள் நம்பாதவள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அவளைப் போல நம்பியவர் அந்த ஊரில் யாரும் இல்லை.

பூசாரி முனிவேல், திம்மப்பனின் அண்ணன். ஏமாற்றுக்காரர் அல்ல. பூவில் தந்திரம் எதுவும் செய்ததில்லை. விழுவது அம்மன் வாக்கு என்று அவரும் மனதார நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நஞ்சம்மாவின் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கியிருப்பாள்.

இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் சுசித்ரா, இளையவள் ஹரிணி. ஹரிணி பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டெங்குவா இருக்கும் போல. இன்னைக்கே கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்து துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முனிவேல் வந்து பார்த்தார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. ஊசி கீசி போட்டா கோவிச்சுக்குவா. எதுக்கும் பூ கேட்டுக்கினு போலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார்கள். இடப்பக்கப் பூ விழுந்தது. திம்மப்பன் துணிப்பையை மறுபடி ஆணியில் மாட்டினான். நஞ்சம்மாவும்தான் கும்பிட்டுவிட்டு வந்து, வேப்பிலை பறித்துப் பாயில் பரப்பிப் பிள்ளையைப் படுக்கவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையின் மூக்கில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நஞ்சம்மா யாரையும் எதையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடி, தக்காளி ஏற்றிப் போன ஒரு வேனை மறித்து ஏறினாள். கிருஷ்ணகிரி வருவதற்குள் ஹரிணி போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று, வீட்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, நஞ்சம்மா முனிவேலைக் கேட்டாள்: "பூ ஏன் மாமா அப்பிடிச் சொல்லுச்சு?"

அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பூ பொய் சொல்லாதும்மா. கேக்கறவங்க மனசுல ஏதாவது கோணல் இருந்தா வாக்கு மாறிடும்."

யார் மனசு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். நஞ்சம்மா பக்கத்திலிருந்த சொம்பைத் தூக்கி அடித்தாள். அது முனிவேலின் காதோரம் பறந்து சுவரில் பட்டது.

"எம் பொண்ணு செத்தது எம் மனசாலயா? அந்தப் பட்டாளம்மா என்னாத்துக்குக் கல்லு மாதிரி அங்க ஒக்காந்திருக்கா? பெத்தவ மனசு கோணலா நேரான்னு பாக்கத்தானா?"

அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கம் போகவில்லை. கொஞ்ச நாளில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். பெரிய அண்டாக்களில் குழம்பு கிளறுகிற வேலை. அவள் கோபம் அங்கே பிரசித்தம். யாராவது "கடவுள் பாத்துக்குவாரு" என்று சும்மா பேச்சுக்குச் சொன்னாலும் போதும், கரண்டியை வைத்துவிட்டுத் திரும்புவாள். "எப்ப பாத்தாரு? யாரப் பாத்தாரு? நீ பாத்தியா?"

அதே கேன்டீனில் காய்கறி ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட மாரிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கடவுள் மறுப்புக் கூட்டங்களுக்குப் போகிறவன். அவளைத் தன் கட்சி என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னான்:

"அக்கா, சாமின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இத மனசுல போட்டு ஏன் கொழப்பிக்கிடுதிய? விட்ருங்க."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"இதுல தெரியதுக்கு என்ன இருக்கு? இல்லாதது இல்ல."

"அவங்க இருக்குதுன்னு சொல்றாங்க. எப்பிடித் தெரியும்னா, தெரியும்ன்றாங்க. நீ இல்லேன்ற. எப்பிடித் தெரியும்னா நீயும் தெரியும்ன்ற. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. போ, போய்க் கத்திரிக்கா எடுத்துக்கினு வா."

மாரிமுத்து கத்திரிக்காய் எடுக்கப் போனான்.

வருடங்கள் ஓடின. சுசித்ரா டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலைக்குப் போனாள். திம்மப்பன் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றான். போன கோடையில் கேட்டில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஓசூரில் பரிசோதித்த டாக்டர், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, உடனே சேர்ந்து ஸ்டென்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். திம்மப்பன் "நாளைக்கு வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

வழி நெடுக நஞ்சம்மா திட்டினாள். சுசித்ரா கெஞ்சினாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே பேச்சாகச் சொன்னான்: "ஒரு வார்த்த அம்மாவக் கேட்டுக்கறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நஞ்சம்மா முன்சீட்டை ஓங்கி அடித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் இந்த மனிதனுக்குப் பூ வேண்டியிருக்கிறதே!

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் கூட்டம் இருந்தது. அத்தனை வருடம் கழித்து நஞ்சம்மாவும் வந்து நிற்பதைப் பார்த்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். முனிவேல் பூக்களை ஒட்டிவைத்து, தம்பிக்காகத் தானே கேட்டார். இடப்பக்கப் பூ விழுந்தது.

"வேணாம்னுட்டா" என்றான் திம்மப்பன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஆபரேஷனுக்குப் பயந்தவனுக்குக் கிடைத்த விடுதலை. நஞ்சம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"மாமா, இன்னொரு தரம் பூவ வைங்க. நான் கேக்கணும்."

"கேட்டாச்சே. ஒரே விசயத்த ரெண்டு தரம் கேக்கக் கூடாதும்மா."

"அது இல்ல. இது வேற."

அவள் குரலைக் கேட்டு முனிவேல் மறுக்கவில்லை. புதுப் பூ இரண்டைத் தண்ணீரில் நனைத்து ஒட்டிவைத்தார். நஞ்சம்மா கை கூப்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.

"ஏ பட்டாளம்மா! மாடு வாங்கட்டுமா, கெணறு வெட்டட்டுமான்னு இந்த ஊரே ஒன்ன வந்து கேக்குது. மொதல்ல கேக்க வேண்டியத ஒருத்தரும் கேக்கல. நான் கேக்கறேன். நீ இருக்கியா? இருந்தா வலது. இல்லேன்னா எடது. சொல்லு."

 கூட்டத்தில் யாரோ கன்னடத்தில் முணுமுணுத்தார்கள். முனிவேல் "என்னம்மா இது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

பூ உடனே விழவில்லை. நஞ்சம்மா இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது விழ வேண்டும் என்று தன் மனம் கேட்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கே அது அதிர்ச்சி. அம்மன் இருந்தால் ஹரிணிக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கும். சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இல்லையென்றால் இத்தனை வருடக் கோபமும் ஒரு கருங்கல்லிடம்தான். பிள்ளை யாருக்காகவும் சாகவில்லை, எதற்காகவும் சாகவில்லை என்று ஆகிவிடும். வலது, வலது என்று அவள் உதடு அசைந்தது.

இடப்பக்கப் பூ விழுந்தது.

 ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.  நஞ்சம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? இல்லையாம். அவளே சொல்லிட்டா. இல்லாதவ பேச்சக் கேட்டுக்கினு சாவப் போறியா நீ? யோவ், கெளம்பு!"

திம்மப்பன் விழித்தான். பிறந்ததிலிருந்து பூவை மீறாதவன். பூவை நம்பினால் அம்மன் இல்லை. அம்மன் இல்லை என்றால் கொஞ்சம் முன்னால் விழுந்த பூவுக்கு மதிப்பில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. சுசித்ரா கையைப் பிடித்து இழுத்தாள். அவன் ஆட்டோவில் ஏறினான்.

அன்றே சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நஞ்சம்மாவுக்கு ஓரளவு ஆறியிருக்கும். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த திம்மப்பன் கட்டிலில் படுத்தபடியே சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சுபோச்சு நஞ்சு. நான் பொழைக்கணும்னுதான் அவ தன்னையே இல்லேன்னு சொல்லிக்கினா. எவ்ளோ பெரிய மனசு பாரு."

பின்னால் ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. பக்தனுக்காகத் தன்னையே மறுத்த அம்மன் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அன்று அவன் அப்படிச் சொன்னதும் நஞ்சம்மா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டில்மேல் டங்கென்று வைத்தாள். "அந்தப் பெரிய மனசு ஹரிணிக்கு எங்க போச்சு? ஒரு தரம், ஒரே ஒரு தரம் பூவ வலப்பக்கம் போட்டிருந்தா போதுமே!"

திம்மப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "தெரியலடி. எனக்கும் தெரியல. ஆனா தெரியலன்னு சொல்ல பயமா இருக்குது. அதுக்குத்தான் பூ கேக்கறேன். ஹரிணி விசயத்துல நான் மட்டும் முடிவு பண்ணியிருந்து அவ செத்திருந்தா, நான் எப்பிடி இருந்திருப்பேன் சொல்லு."

பிள்ளை போனதிலிருந்து அவன் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. நஞ்சம்மாவின் கோபம் குறையவில்லை. ஆனால் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

முனிவேலும் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, இனிமேல் நோய்க்குப் பூ கேட்பதில்லை என்று ஊரில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவள் கேட்ட கேள்வியையும் இனி யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"ஏன் கேக்கக் கூடாது?"

"கேட்டுட்டு என்னா பண்றது? அன்னைக்கு நீ போனப்புறம் நான் அங்கயே ஒக்காந்திருந்தேன். யார் முன்னாடி ஒக்காந்திருக்கறேன்னு எனக்கே தெரியலம்மா. இப்பவும் தெரியல. ஆனா வெளக்கு ஏத்தாம இருக்க முடியல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பிள்ள விசயத்துல ஒம் மனசுல கோணல்னு சொன்னது தப்பு" என்றார்.

"ரோட்டுல நின்னு சொல்லுங்க. அன்னைக்கு நாலு பேர் முன்னாடிதான சொன்னீங்க."

முனிவேல் தெருவுக்கு இறங்கிப் போய், தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் காதுபடச் சொன்னார். நஞ்சம்மா உள்ளே நின்று கேட்டாள். வெளியே வரவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மாரிமுத்து சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"அக்கா, சாமியே தான் இல்லைன்னு ஒத்துக்கிட்டாமே! நான் சொன்னா கேட்டியளா?"

"அப்போ பூ சொன்னத நீயும் நம்பறியா?"

"அதெப்படி? ஈரம் காஞ்சா பூ விழத்தான் செய்யும்."

"வலது விழுந்திருந்தா?"

"அதுவும் ஈரம் காஞ்சுதான் விழுந்திருக்கும்."

நஞ்சம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "அப்போ எது விழுந்தாலும் ஒனக்கு ஒண்ணுதான். அவங்களுக்கும் எது விழுந்தாலும் ஒண்ணுதான், இல்லேன்னு சொன்னாலும் பெரிய மனசுன்றாங்க. எது விழுமோன்னு பாத்துக்கினு நின்னவ நான் ஒருத்திதான். நீங்க யாரும் கேக்கவே இல்ல. பதில் மட்டும் வச்சிருக்கறீங்க."

மாரிமுத்துவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ இருக்குன்னு நெனைக்கியளா, இல்லைன்னு நெனைக்கியளா?"

"தெரியல. இல்லேன்னு சொன்னது யாருன்னும் தெரியல" என்றாள் அவள். "நகரு. கொழம்பு அடிப்பிடிக்குது."

இன்னொரு தடவை போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்று சுசித்ரா சில சமயம் சொல்கிறாள். நஞ்சம்மா இதுவரை போகவில்லை.