பிராசஸர் மாத்தப் போய் கடையில மாட்டுன கதை

பழைய லேப்டாப்புக்கு வேகமான பிராசஸர் போடலாம்னு இன்னைக்கு வண்ணாரப்பேட்டையில ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய் மொத்தத்தையும் கழட்டிட்டுச் சொல்றாரு: "இந்த பிராசஸர் இதுல உக்காராது மாமு. ரிச்சி தெருவுல போயி வேற எடுத்தாரேன். அரை மணி நேரம், கடையப் பாத்துக்க."

போனவரு போனவருதான். போன் அடிச்சா மேசையிலயே அடிக்குது.

லேப்டாப் அக்கு அக்கா கெடக்கு. எடுத்துக்கினு ஓட முடியாது. கடையத் தொறந்து போட்டுட்டு ஒரு டீ குடிக்கவும் முடியாது. நடுவுல வந்தவங்களுக்கு ரீசார்ஜ் கூப்பன் வேற வித்தேன்.

அப்போ ஒருத்தர் லேப்டாப்போட வந்தாரு. "பிராசஸர் மாத்தணும். எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்தான் நைனா. உக்காரு, கடையப் பாத்துக்க"ன்னேன்.

இதை டீக்கடையிலருந்து போடுறேன். எதிர்ல அவரு கூப்பன் வித்துக்கினு கீறாரு.

உங்க யாருக்காவது பிராசஸர் மாத்தணுமா? அவரை மாத்தி உட ஆள் வேணும்.