டாக்டர் ஓய்வாக இருக்கிறார்

இட்சுயோ தன் பிரசவ இல்லத்தின் விதிகளைத் தானே எழுதியிருந்தாள். வயிற்றில் இரட்டை என்றால் இங்கே கிடையாது. முதல் குழந்தையை அறுவை செய்து எடுத்தவர்களுக்குக் கிடையாது. ஒன்பதாம் மாதத்தில் உசாமி டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாத யாருக்கும் கிடையாது. சொந்த அக்காள் மகள் இரட்டையோடு வந்து நின்றபோது தேநீர் கொடுத்து, மலைக்கு அப்பாலிருந்த நகர மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தாள். அதன்பிறகு அக்காள் புத்தாண்டுக்குக்கூட வந்ததில்லை.

ஜப்பானில் மருத்துவச்சி மட்டும் இருந்தால் பிரசவ இல்லம் நடத்த முடியாது. அவளுக்குப் பின்னால் நிற்பதாக ஒரு பிரசவ டாக்டரும் ஒரு மருத்துவமனையும் முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். மருத்துவமனை கிடைத்தது. டாக்டர்கள் எல்லோரும் "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். அதற்கு முடியாது என்று பொருள் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். உசாமி ஒருவர்தான் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். "ஒரு தெரு தள்ளித்தானே இருக்கேன். கூப்பிட்டா செருப்ப மாட்டிக்கிட்டு வந்துடறேன்." அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

பத்து வருடங்களுக்கு மேல் கழித்து ஒரு கோடையில் அவருடைய கிளினிக் கதவில் 'சில நாள் விடுமுறை' என்ற அட்டை தொங்கியது. இட்சுயோ வழக்கம்போல கோடைப் பரிசாக முலாம்பழம் கொண்டுபோனாள். டாக்டரின் மனைவி வாசலிலேயே முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர் எப்படி இருக்கார்?"

"ஓய்வா இருக்கார். இந்த வெயில்ல நீங்க வேற நடந்து வந்திருக்கீங்க..."

உள்ளேயிருந்து ஊதுவத்தி வாசனை வந்தது. முன்னோர்களை வரவேற்கும் நாட்கள் நெருங்கிவிட்டன, எல்லா வீட்டிலும் இந்த வாசனைதான் என்று இட்சுயோ நினைத்துக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. என்ன நோய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எண்பதைக் கடந்தவரைப் பற்றி அப்படிக் கேட்பது, எப்போது சாவார் என்று கேட்பது போல. அவள் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பினாள். சில வீடுகள் தள்ளி வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தாள். வாசலில் குனிந்து வணங்கிய டாக்டரின் மனைவி இன்னும் நிமிரவில்லை.

அடுத்த வாரம், சோயாக் கட்டி விற்கும் டோஃபு கடையின் மருமகள் கனாஎ வந்தாள். இரண்டாவது பிரசவம், ஒன்பதாம் மாதம்.

"டாக்டரோட கிளினிக் பூட்டியிருக்கு. அவர் பாக்காம நீங்க சேத்துக்க மாட்டீங்களே?"

"இந்தக் கோடை தணியட்டும். பாத்துக்கலாம்."

கூட வேலை செய்த மியோகோ, கனாஎ வெளியே போகும்வரை துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மகளுக்கு ஒரு சட்டம், டோஃபுக்காரிக்கு ஒரு சட்டமா?"

"அவளுக்குச் சிக்கல் ஒண்ணும் இல்ல."

"நான் அவளப் பத்திக் கேக்கல. டாக்டர் இருக்காரா இல்லையா? போய்க் கேட்டுட்டு வரவா? எனக்குத்தான் மரியாதை தெரியாதே."

"வாய மூடு மியோகோ."

"மூடிட்டேன் அக்கா. ரத்தம் வந்தா நீங்க மூடுங்க."

கோடை தணிவதற்குள் ஒரு நாள் காலையில் கனாஎக்கு வலி வந்துவிட்டது. சிள்வண்டுகளின் இரைச்சலில் தொட்டித் தண்ணீர்கூட அதிர்வது போலிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. கனாஎ குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இதுவும் மாமியார் காதுதான். கெட்டுது போங்க." நஞ்சுக்கொடி முழுதாக வந்தது. மியோகோ வாய்விட்டே சிரித்தாள்.

பிறகு ரத்தம் நிற்கவில்லை.

இட்சுயோ அடிவயிற்றை அழுத்தினாள். இறுக வேண்டிய கருப்பை அவள் கைக்கடியில் ஊறிய ரொட்டிபோலக் கிடந்தது. மியோகோ ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, டாக்டர் வீட்டு எண்ணைப் போட்டு இட்சுயோவின் காதில் போனை வைத்தாள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க. உடனே வரணும்."

மறுமுனையில் டாக்டரின் மனைவி. "மன்னிக்கணும். இந்த வெயிலுக்கு முந்தின மழைக்காலத்துலயே போயிட்டார். காரியத்த வீட்டோட முடிச்சுட்டோம். யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு அவரே சொல்லியிருந்தார். குளிர்காலத்துல எல்லாருக்கும் துக்க அட்டை அனுப்பறதா இருந்தோம்..."

மியோகோ போனை இழுத்து நகர மருத்துவமனைக்குப் போட்டு, மறுபடி இட்சுயோவின் காதில் வைத்தாள். அங்கிருந்த குரல் பணிவாகக் கேட்டது: "உசாமி டாக்டர்தான் அனுப்பறாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இல்லம் இருக்கும். கனாஎயின் உதடுகள் வெளுத்துக்கொண்டிருந்தன.

"டாக்டர் செத்துப்போயிட்டார். எங்க உரிமம் எப்பவோ செத்துப்போச்சு. சந்தேகம் இருந்தும் நான் கேக்கல. ரத்தத்தத் தயார் பண்ணுங்க, வந்துக்கிட்டிருக்கோம்."

"சரிங்க," என்றது குரல். அதில் எந்த மாற்றமும் இல்லை.

ஆம்புலன்சில், மலைப்பாதை முழுக்க இட்சுயோ கனாஎயின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

கனாஎ பிழைத்தாள். கருப்பையைக் காப்பாற்ற முடியவில்லை என்றார் அறுவை அறையிலிருந்து வந்த டாக்டர். தாழ்வாரத்தில் டோஃபு கடை மாமியார் இடுப்பு மடிய வணங்கி, "ரொம்ப நன்றிங்க," என்றாள்.

"நன்றி சொல்லாதீங்க. டாக்டர் இல்லாம நான் சேத்துக்கிட்டேன்."

"தெரியுமே."

இட்சுயோவுக்குப் புரியவில்லை.

"அவங்க வாசல்ல தினமும் டோஃபு வைக்கிறவ நான். மழைக்காலத்துல ஒரு நாள், இனிமே பாதி போதும்னாங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க வாய் திறக்கலையேன்னுதான் நானும் பேசாம இருந்தேன். தெருவுல எல்லாருமே அப்படித்தான்."

மருமகளை அனுப்பிவைத்தவளும் இவள்தான். இட்சுயோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையில் காய்ந்த ரத்தம் சுவரின் வெள்ளையில் ஒட்டியது.

"நீங்க இல்லத்த மூடிடாதீங்க," என்றாள் மாமியார், குரலைத் தாழ்த்தி. "படகுக்காரர் மருமகளுக்கு அடுத்த மாசம். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. இந்த விஷயத்த நாங்க யாரும் வெளிய விட மாட்டோம்."

"வெளிய விடுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க."

கிழவி, கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டவள்போலப் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். பிறகு மறுபடியும் வணங்கினாள், முன்னைவிட ஆழமாக. அவள் நிமிர்வதற்காக இட்சுயோ காத்திருக்கவில்லை. சுகாதார அலுவலகத்துக்கு எங்கிருந்து போன் பண்ணலாம் என்று எதிரே வந்த நர்சிடம் உரக்கக் கேட்டாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.