மருவுக்காக எடுத்த உப்பு

மலாயாவின் அவசரகாலத்தில், தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது, மாரியம்மன் கோயில் மட்டும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட் அது. எனக்குப் பத்து வயது. வலது ஆள்காட்டி விரலில் ஒரு மரு.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் ஒரு வெள்ளைக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து மருவின் மேல் தேய்த்தார். "நம்ம மருந்துக்குப் போகாத மருவே கெடையாது," என்றார். எஸ்டேட்டில் அவரைவிடத் தலைக்கனம் பிடித்தவர் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ஒருவர்தான்.

மறுநாள் அந்த இடம் கரியாய்க் கறுத்திருந்தது. வெள்ளைக் குச்சிக்குள் இவ்வளவு கறுப்பு எங்கே இருந்தது? சோப்பு, புளி, அடுப்புச் சாம்பல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறை அசையவில்லை. எனக்கு அது வேடிக்கை, அம்மாவுக்குக் கவலை. இரண்டு வாரமாகியும் கறுத்த மேடு அப்படியே இருந்ததால், மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

மருவுக்கு எல்லோரும் வேண்டிக்கொள்வதுதான். ஆனால் வேலியைத் தாண்டி ஒரு பிடி உப்புகூடப் போகக்கூடாது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சாமிக்குப் போடுவது சாப்பாட்டு உப்பில் சேராது என்று அம்மா நினைத்தாள். உப்பையும் மிளகையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் தமிழ்க்காரி, அம்மாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, உப்பையும் புடிப்பாங்களா?"

முடிச்சு வெளியே வந்தது. மலாய்ப் போலீஸ்காரர் அம்மாவை லோரியில் ஏறச் சொன்னார்.

"இந்தப் புள்ள மருவுக்குத்தாங்க! சாமி சத்தியமா!" என்று அம்மா என் கையைத் தூக்கிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரெசரைக் கூட்டி வந்தார்கள்.

டிரெசர் என் விரலை அமுக்கினார். கறுத்த பொருக்கின் ஓரம் எழும்பியது. அடியில் மரு இல்லை, புதுத்தோல்தான். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பொருக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிவிட்டு, போலீஸ்காரரிடம் மலாயில் சொன்னார்: என் மருந்து கேட்கவில்லை, அதனால்தான் இவர்கள் சாமியிடம் போகிறார்கள்.

உப்பைச் சாக்கடையில் கொட்ட வைத்து அம்மாவை விட்டுவிட்டார்கள்.

"வெள்ளக்குச்சியாம், பெரிய மருந்தாம்! அவரே ஒத்துக்கிட்டாரு லா!" என்று லயம் வரை அம்மா டிரெசரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.